இறங்குவதற்கு ஒரு சைக்கிள் வாங்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஒவ்வொரு வருஷமும் பொதுத்தேர்வு முடிவு வந்த கையோடு எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்வியாகத்தான் இருக்கும். "அண்ணா, பையனுக்கு கியர் சைக்கிள் வாங்கித் தர்றேன்னு வாக்குக் கொடுத்துட்டேன், ஏற்காடு ஏறணும்ங்கிறான், எதை எடுக்கலாம்?" என் அப்பா சேலத்தில் குகை என்கிற பகுதியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பஞ்சர் தொட்டித் தண்ணீரில் டியூபை அமுக்கி எங்கே குமிழி வருகிறது என்று பார்ப்பதுதான் எனக்கு வேலை. இப்போது வேறு வேலையில் இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கோரிமேடு தாண்டி அடிவாரம் போய் மலை ஏறுவதை விடவில்லை, அதனால் என்னைக் கேட்கிறார்கள். போனில் ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் உங்கள் பத்திரிகைக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், தயவுசெய்து இடம் ஒதுக்கிப் போடுங்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். மலைக்கென்று சைக்கிள் வாங்குகிற எல்லோரும் ஏறுவதை மட்டுமே நினைத்து வாங்குகிறார்கள். எத்தனை கியர், எவ்வளவு லேசாக மிதிபடும், முன்னால் ஷாக் இருக்கிறதா, பின்னாலும் இருக்கிறதா, இவ்வளவுதான் கேள்வி. சரி, ஏற முடியவில்லை என்றால் என்ன ஆகிவிடும்? இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், மர நிழலில் உட்காரலாம், திரும்பி வீட்டுக்கே வந்துவிடலாம். இறங்கும்போது சைக்கிள் கைவிட்டால் அந்த வழி எதுவும் கிடையாது. அதனால் இறங்குவதற்கு எது சரியாக இருக்குமோ அந்த சைக்கிளை வாங்குங்கள் என்றுதான் கேட்கிற எல்லோரிடமும் சொல்கிறேன்.

இதை நான் கற்றுக்கொண்டது என் அக்கா மகனிடமிருந்து. பத்தாவதில் நல்ல மார்க் எடுத்தான் என்று அக்காவும் மாமாவும் அவனுக்கு ஒரு சைக்கிள் வாங்கித் தந்தார்கள். தடித்த டயர், முன்னும் பின்னும் ஸ்பிரிங், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க், பத்தாயிரம் ரூபாய்க்குள். பார்க்க மோட்டார் பைக் மாதிரி கம்பீரமாக இருந்தது. என்னைக் கேட்காமல் வாங்கினார்கள் என்று எனக்கு வருத்தம் இருந்தது உண்மைதான், ஆனால் பையன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அக்டோபரில் ஒரு ஞாயிறு நண்பர்களோடு ஏறிப் போயிருக்கிறான், பாதி தூரம் தள்ளியே ஏறியிருக்கிறார்கள், மேலே ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, பாதி மலை இறங்கிய பிறகு ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் பிரேக்கைப் பிடித்தால் லீவர் போய் ஹேண்டில் பிடியில் ஒட்டிக்கொண்டது. சக்கரம் நிற்கவில்லை. வெளிப்பக்கம் பள்ளம், எதிரே பஸ் ஏறி வந்துகொண்டிருக்கிறது. பையன் புத்திசாலித்தனமாக மலைப் பக்கம் திருப்பி வாய்க்காலில் விட்டுவிட்டான். காறை எலும்பு உடைந்தது, முழங்கை தோல் உரிந்தது, அதோடு போனது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் அந்த சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு முன் பிரேக்கைக் கழற்றினேன். உள்ளே டிஸ்க் தகட்டை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கிற இரண்டு பேட் இருக்கும், ஒவ்வொன்றும் பழைய பத்துப் பைசா அளவுக்குத்தான் இருக்கும். ஒன்று தேய்ந்து தகரம் தெரிந்தது. இன்னொன்று கறுத்து, கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. அதை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தேன், அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் இந்தச் சூட்டுக் கணக்கைப் பாருங்கள். அடிவாரத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயர வித்தியாசம், சுமார் 20 கிலோமீட்டர் பாதை, 20 கொண்டை ஊசி வளைவு. 60 கிலோ பையன் 16 கிலோ சைக்கிளில் இந்த உயரத்தை இறங்கினால் அதில் வெளிப்படும் ஆற்றல் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். பிளஸ் ஒன் இயற்பியல் தெரிந்த யாரும் போட்டுப் பார்க்கலாம். வேகமாக இறங்கினால் அதில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். பயந்து பயந்து பிரேக்கை இழுத்துப் பிடித்தபடியே மெதுவாக இறங்கினால் கிட்டத்தட்ட அவ்வளவு சூடும் அந்தப் பத்துப் பைசா பேடுகளிலும் மெல்லிய டிஸ்க் தகட்டிலும்தான் இறங்க வேண்டும். பஸ் டிரைவரைக் கவனித்திருப்பீர்கள், இரண்டாவது கியரில் போட்டு இஞ்சினாலேயே வண்டியைப் பிடித்துத்தான் இறக்குவார், பிரேக்கை வளைவுக்கு மட்டும் வைத்துக்கொள்வார். சைக்கிளுக்கு இஞ்சின் கிடையாது. பிரேக்தான் எல்லாம்.

மலை சைக்கிள் என்ற ஜாதி பிறந்ததே இந்தச் சூட்டில்தான். 1970களில் அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில் டமால்பாயிஸ் மலைப் பக்கத்து இளைஞர்கள் பழைய காலத்துத் தடித்த டயர் சைக்கிள்களை லாரியில் ஏற்றிக்கொண்டு மேலே போய் மண் பாதையில் இறங்க ஆரம்பித்தார்கள். அந்த சைக்கிளில் பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கும் ஹப் பிரேக், அதாவது சக்கரத்தின் நடுக் குடத்துக்குள்ளேயே இருக்கும் பிரேக். ஒரு தடவை கீழே வந்து சேர்வதற்குள் ஹப்பில் இருந்த கிரீஸ் எரிந்து புகைந்துவிடும், பிரித்துப் புது கிரீஸ் வைத்தால்தான் மறுபடி ஓட்ட முடியும். 1976-ல் அந்தப் பாதையில் பந்தயம் தொடங்கியபோது அதற்கு வைத்த பெயரே 'ரீபேக்', அதாவது மறுபடி கிரீஸ் அடைப்பது. ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், டாம் ரிச்சி போன்றவர்கள் நல்ல பிரேக்கும் உறுதியான ஃபிரேமும் தேடிச் செய்ததில்தான் இன்றைய எம்டிபி, அதாவது மவுண்டன் பைக் உருவானது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது ஒரு போட்டியாகவே வந்துவிட்டது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அவர்கள் முதலில் கவலைப்பட்ட விஷயத்தை நாம் இன்றைக்கும் கடைசியாகத்தான் பார்க்கிறோம் என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, கடைக்குப் போகிறீர்கள். முதல் வேலை, முன் பிரேக் லீவரை முழு பலத்தோடு அமுக்குங்கள். லீவருக்கும் ஹேண்டில் பிடிக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும். அப்படியே பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னால் தள்ளுங்கள், பின் சக்கரம் தூக்க வேண்டுமே தவிர முன் சக்கரம் நகரக் கூடாது. டிஸ்க் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் மட்டும் போதாது. வயரில் இழுக்கிற டிஸ்க் ஒன்று, எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிற ஹைட்ராலிக் டிஸ்க் ஒன்று. விலை குறைந்த வயர் டிஸ்க்கில் பெரும்பாலும் ஒரு பக்கத்து பேட் மட்டும்தான் நகரும், அது தகட்டை மறுபக்க பேட் மேல் அழுத்திப் பிடிக்கும். தேயத் தேய வயரை இறுக்கி, உள்பக்க பேடையும் அலன் கீ போட்டு நெருக்கி வைக்க வேண்டும், இல்லையென்றால் லீவர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய் ஒருநாள் ஹேண்டிலைத் தொட்டுவிடும். என் அக்கா மகனுக்கு நடந்தது அதுதான், ஐந்து மாதமாக யாரும் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை, தொட வேண்டும் என்று அவனுக்குச் சொன்னவர்களும் இல்லை. ஹைட்ராலிக்கில் பேட் தேய்ந்தால் பிஸ்டன் தானே முன்னால் வந்து அந்த இடைவெளியைச் சரிக்கட்டும், இரண்டு பக்கமும் சமமாகப் பிடிக்கும், ஒரு விரலால் நிறுத்தலாம். ஆனால் அதற்குப் பெரும்பாலும் இருபத்தைந்தாயிரத்தைத் தாண்ட வேண்டியிருக்கும். அவ்வளவு முடியாது என்றால் நல்ல வயர் டிஸ்க்கோ, ரிம்மைப் பிடிக்கிற நல்ல வி-பிரேக்கோ எடுத்துக்கொண்டு வாரம் ஒருமுறை சரிபாருங்கள், தப்பே இல்லை. பெயருக்கு டிஸ்க் போட்ட மட்ட சைக்கிளைவிட ஒழுங்கான வி-பிரேக் சைக்கிள் எவ்வளவோ மேல். ஒன்றே ஒன்று, ரிம் பிரேக்கில் சூடு ரிம்முக்கும் அதற்குள் இருக்கும் டியூபுக்கும் போகும் என்பதால் இறங்கும் வழியில் நின்று நின்று வர வேண்டும்.

புது பேட் போட்ட சைக்கிளை நேராக மலைக்கு எடுத்துப் போகாதீர்கள். வீட்டுத் தெருவிலேயே கொஞ்சம் வேகம் எடுத்து, பிடித்து, எடுத்து, பிடித்து என்று இருபது தடவை செய்தால்தான் பேட் தகட்டோடு பழகும். எந்தக் கை முன் பிரேக் என்றும் பாருங்கள். நம் ஊரில் வழக்கமாக வலது கை, ஆனால் சில சைக்கிளில் மாறி வரும், வளைவில் போய்க் கண்டுபிடிக்கிற விஷயம் இல்லை அது.

அடுத்தது சைஸ். இதில்தான் பெற்றோர்கள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசா எடுத்தால் ரெண்டு வருஷம் ஓடும் என்று பள்ளி யூனிஃபார்ம் தைக்கிற கணக்கை சைக்கிளுக்கும் போடுகிறார்கள். யூனிஃபார்ம் தொளதொளவென்று இருந்தால் பிள்ளை விழாது. சைக்கிளின் குறுக்குக் கம்பிக்கு மேல் இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்றால் குறைந்தது இரண்டு அங்குலம் இடைவெளி வேண்டும். சீட்டில் உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்தால் முழங்கை லேசாக மடிந்திருக்க வேண்டும், எட்டிப் பிடித்து விறைத்துக்கொண்டு இருந்தால் வளைவில் திருப்ப முடியாது. இன்னொன்றை யாரும் பார்ப்பதில்லை, பிள்ளையின் விரல் பிரேக் லீவருக்கு எட்டுகிறதா? பதினாலு வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் பல சைக்கிளில் விரல் நுனிதான் எட்டுகிறது, அதில் என்ன பலம் வரும்? பல லீவர்களில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், அதைத் திருகினால் லீவர் கைக்குப் பக்கத்தில் வரும். கடைக்காரரையே செய்து தரச் சொல்லுங்கள். 27.5 அங்குலச் சக்கரமா 29-ஆ என்று இரவெல்லாம் விவாதம் செய்கிறவர்கள் இந்த ஸ்க்ரூவைத் தொட்டுப் பார்த்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். சக்கர அளவைப் பற்றி நான் சொல்வது, அந்த அளவு டியூபும் டயரும் உங்கள் ஏரியாவில் கிடைக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், அவ்வளவுதான்.

ஷாக் பற்றிச் சொன்னால் பையன்களுக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். விலை குறைந்த சைக்கிளில் பின்னால் இருக்கும் ஸ்பிரிங் உங்கள் கால் பலத்தைத் தின்பதற்கு மட்டும்தான். ஒவ்வொரு மிதியிலும் சைக்கிள் குதிக்கும், எடை கூடும், அந்த இணைப்பில் இருக்கும் புஷ் தேய்ந்து ஆட ஆரம்பித்தால் வளைவில் பின்பக்கம் தனியாகத் திரும்பும். நம் மலைப்பாதை தார் ரோடு. எஸ்டேட் மண் பாதைகளுக்கும் கரடியூர், மஞ்சக்குட்டை பக்கத்துக் கரடுமுரடான ரோட்டுக்கும் முன் ஷாக் ஒன்று தாராளமாகப் போதும். அதிலும் லாக் செய்கிற திருகு இருந்தால் ஏறும்போது பூட்டிவிடலாம். அந்தப் பணத்தை பிரேக்கில் போடுங்கள்.

கியர் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், பல்லை எண்ணுங்கள். முன்னால் இருக்கும் மிகச் சின்ன செயின்வீலில் எத்தனை பல், பின்னால் இருக்கும் மிகப் பெரியதில் எத்தனை பல்? பின்னது பெரிதாக இருந்தால்தான் ஏற்காடு ஏறலாம். முன் 24, பின் 28 இருந்தால் மூச்சு வாங்கினாலும் ஏறிவிடலாம், பின் 34 இருந்தால் பேசிக்கொண்டே ஏறலாம். தடித்த டயரும் ஷாக்கும் போட்டு கியரே இல்லாமல் வருகிற சைக்கிள்களில் முன்பல் பின்பல்லைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு முதல் வளைவைக்கூடத் தாண்ட முடியாது, ஊருக்குள் அஸ்தம்பட்டியிலிருந்து ஐந்து ரோடு போய் வரலாம்.

ஆன்லைனில் வாங்குவது தப்பில்லை. ஆனால் அட்டைப்பெட்டியில் முக்கால்வாசி மாட்டிய நிலையில்தான் வரும், மீதியை வீட்டில் யாராவது மாட்டுவார்கள். நான் அப்படி வந்த சைக்கிள்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன், அதில் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கைத் திருப்பி மாட்டியவையே நிறைய. முன் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பாகம் ஃபோர்க்கின் இடது காலுக்குப் பின்பக்கம் இருக்க வேண்டும். அது வலது பக்கம் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தால் ஃபோர்க் பின்னுக்கு முன்னாகத் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். ஓட்டலாம், ஓடும், அதனால்தான் தெரிவதில்லை. ஹேண்டிலின் குணமே மாறிப்போய் திருப்பும்போது ஷூ முனை முன் டயரில் உரசும். மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் கால் உரசினால் போதும். வீட்டில் ஒருமுறை போய்ப் பாருங்கள், இந்தக் கடிதத்தால் ஒரே ஒரு சைக்கிளின் ஃபோர்க் சரியாகத் திரும்பினால்கூட எனக்குப் போதும். பெடலும் அப்படித்தான், இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும், தெரியாமல் மாற்றி முடுக்கி கிராங்க் மரையே போய்விட்ட சைக்கிளும் பார்த்தேன்.

உள்ளூர்க் கடையில் வாங்கினால் நூறு இருநூறு கூடும் என்கிறார்கள். கூடட்டும். சக்கரக் கோட்டம் எடுக்க, பிரேக் வயர் இழுக்க, முதல் மாத சர்வீஸுக்கு ஒரு முகம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரி பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, வரி சேர்க்காத 20,000 ரூபாய் விலைக்கு வரியில் மட்டும் 1,400 ரூபாய் மிச்சம். ஒரு ஹெல்மெட்டுக்கும் ஒரு ஜோடி உபரி பேடுக்கும் அது ஆகும். பில் கேட்டு வாங்குங்கள், பெடல் அச்சுக்கு அடியில் ஃபிரேமில் அடித்திருக்கும் எண்ணை அன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள், திருட்டுப் போனால் போலீஸில் சொல்ல வேறு அடையாளம் கிடையாது.

பழைய சைக்கிள் வாங்கினால் ஒரு அடி ஸ்கேல் கொண்டு போங்கள். செயினில் ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் அரை அங்குலம், ஆக 24 இடைவெளி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். ஸ்கேலைத் தாண்டி கால்வாசிக்கும் பாதி, அதாவது எட்டில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தால் செயின் மட்டுமல்ல, பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும், அந்தச் செலவை விலையில் கழியுங்கள். ஹேண்டில் தண்டு இறங்கும் குழாயின் வெல்டிங் ஓரத்தில் மயிரிழைக் கீறல் இருந்தால் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும்.

இப்போது அந்த பேடை ஏன் முகர்ந்தேன் என்று சொல்கிறேன். வயரை யாரும் இறுக்காதது ஒரு காரணம் என்றால் இது இன்னொரு காரணம், தேங்காய் எண்ணெய் கருகிய வாசனை வந்தது. அந்தப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் ஆயுத பூஜை. அக்கா ஆசை ஆசையாக சைக்கிளைக் கழுவி, தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் கம்பி, ரிம், டிஸ்க் எல்லாம் பளபளவென்று துடைத்து, டிஸ்க் தகட்டின் நடுவிலேயே சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது, எங்கள் அப்பா கடையில் அப்படித்தான் செய்வோம். மட்கார்டில் வெள்ளை பெயிண்டில் எண் எழுதிய வாடகை சைக்கிள்கள் வரிசையாக நிற்கும், மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்போம். அந்த சைக்கிள்களின் ரப்பர் பிரேக் கட்டையில் பட்ட எண்ணெய் நாலு தெரு சுற்றினால் தேய்ந்து போய்விடும். டிஸ்க் பேட் அப்படியில்லை, எண்ணெயைக் குடித்து வைத்துக்கொள்ளும், சூடானதும் வழுக்க ஆரம்பிக்கும். எண்ணெய் குடித்த பேடைக் காப்பாற்ற வழி இல்லை, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போட வேண்டியதுதான். பொட்டு வையுங்கள், மாலை போடுங்கள், ஹேண்டிலில் வையுங்கள், ஃபிரேமில் வையுங்கள், டிஸ்க்கை மட்டும் விட்டுவிடுங்கள். வாட்டர் சர்வீஸ் நிலையத்தில் பைக்கோடு சைக்கிளையும் விட்டு, கழுவி முடித்ததும் டீசல் அடிக்கச் சொல்கிறவர்களுக்கும் இதே வேண்டுகோள். அந்த அழுத்தத்தில் அடிக்கிற தண்ணீர் பால்ஸ் (பேரிங் குண்டுகள்) இருக்கும் இடங்களுக்குள் புகுந்து கிரீஸைக் கழுவிவிடும், டீசல் பேடைக் கெடுத்துவிடும். ஒரு வாளித் தண்ணீர், பழைய பிரஷ், சோப்பு, காய்ந்த துணி போதும்.

வைக்கிற இடமும் பிரேக்கைப் போல முக்கியம் என்று நான் நினைக்கிறேன். சேலத்து ஏப்ரல், மே வெயிலில் மொட்டை மாடியிலோ தகரக் கூரைக்கு அடியிலோ ஒரு கோடை முழுக்கக் கிடந்த டயரை அழுத்திப் பாருங்கள், பக்கவாட்டில் வறண்ட ஏரி மாதிரி வெடிப்பு ஓடும். காற்றில்லாமல் ரிம் மேல் உட்கார்ந்து கிடந்தால் இன்னும் சீக்கிரம் வெடிக்கும். அதனால் ஓட்டாவிட்டாலும் மாதம் ஒருமுறை காற்று பிடித்து வையுங்கள். சாதாரண சைக்கிள் போல இதில் வால் டியூப் கிடையாது, பெரும்பாலான எம்டிபியில் பைக்கில் இருக்கும் அதே வால்வுதான், பெட்ரோல் பங்கிலேயே பிடிக்கலாம். எத்தனை பிஎஸ்ஐ, அதாவது எவ்வளவு காற்றழுத்தம் என்று டயரின் பக்கத்திலேயே எழுதியிருக்கும், அதற்கு மேல் போகாதீர்கள்.

மாடிப்படிக்கு அடியில் இடம் இருந்தால் அதுதான் நல்ல இடம், மோட்டார் ரூமில் ஈரம் இருக்கும், அங்கே வேண்டாம். சுவரில் கொக்கி அடித்து மாட்டலாம். ஹைட்ராலிக் பிரேக் என்றால் பல மாதம் தலைகீழாகக் கவிழ்த்து வைக்காதீர்கள், எண்ணெய்க் கலத்தில் இருக்கும் காற்று குழாய்க்குள் போய்விட்டால் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும். மலையில் மூடுபனியிலும் மழையிலும் நனைந்து வந்த சைக்கிளை அன்றிரவே துடைத்து செயினுக்கு மட்டும், ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, வெளியே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று விட்டால் காலையில் செயின் காப்பிப் பொடி நிறத்தில் இருக்கும். பிரேக் வயரும் உள்ளுக்குள் அப்படித்தான் துரு பிடிக்கும், கண்ணுக்குத் தெரியாது, லீவர் கனமாக ஆகும்போதுதான் தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை வயரை மாற்றிவிடுங்கள், அது பெரிய செலவே இல்லை.

இறங்கும்போது செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். வளைவுக்கு முன்னால் நேர் ரோட்டிலேயே இரண்டு பிரேக்கையும் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் விட்டுவிடுங்கள், விட்ட நேரத்தில்தான் டிஸ்க் ஆறும். நாலைந்து வளைவுக்கு ஒருமுறை ஓரமாக நில்லுங்கள். டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள், சுடும், தண்ணீரும் ஊற்றாதீர்கள், தகடு கோட்டமாகிவிடும். மழைக்குப் பிறகு மேலிருந்து மண்ணும் சிறு கல்லும் வளைவுகளில் வந்து கிடக்கும், அதன் மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் சறுக்கும்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் மூலமாக மூன்று பேரிடம் கேட்க வேண்டியிருக்கிறது. மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பது, மலைப்பாதை இறங்கத் தொடங்கும் இடத்தில் சைக்கிள்காரர்களுக்கு என்று ஒரு சின்ன போர்டு. 'இரண்டு பிரேக் லீவரையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், வளைவுக்கு முன்பே வேகம் குறையுங்கள், நடுவில் நின்று டிஸ்க்கை ஆறவிடுங்கள்' என்று தமிழில் மூன்று வரி போதும். கனரக வண்டிகளுக்கு கியரைக் குறைத்து இறங்கச் சொல்லி வைக்கிறோமே, அது மாதிரி. மே மாதக் கோடை விழாவுக்கு ஊரே மேலே போகும்போது பையன்களும் சைக்கிளோடு போவார்கள், அதற்கு முன்னால் வைத்தால் உபகாரம். சைக்கிள் கடைக்காரர்களிடம் கேட்பது, பையன் மலைக்குப் போகிறேன் என்று சொன்னால் விலைப்பட்டியலுக்கு முன்னால் பிரேக்கைக் காட்டுங்கள், தெருவில் ஒரு ரவுண்டு ஓட்ட விடுங்கள், முதல் மாதம் பேடை நெருக்கித் தருகிறேன் என்று பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். என் அப்பாவின் தொழில் உங்களுடையது, அந்த மரியாதையோடு கேட்கிறேன். அபார்ட்மெண்ட் சங்கங்களிடம் கேட்பது, கார்களுக்குக் கோடு போட்ட இடத்தில் ஒரே ஒரு கார் அளவு இடத்தை சைக்கிளுக்கு விட்டு, ஒரு இரும்புக் கம்பி பதித்துக் கொடுங்கள், பூட்டு மாட்ட. வெயிலும் மழையும் படாத இடமாக இருக்கட்டும். இப்போது பிள்ளைகள் சைக்கிளை ஜெனரேட்டர் பக்கத்தில் சாய்த்து வைக்கிறார்கள், ஆயில் சொட்டுகிற இடத்தில்.

அக்கா மகன் கை சரியாகி மறுபடி ஓட்டுகிறான். அந்தப் பழைய சைக்கிளை அவன் டியூஷனுக்கு மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறான், மலைக்கு என்னோடு ஒரு பழைய எம்டிபியில் வருகிறான், ஷாக் முன்னால் மட்டும், ஹைட்ராலிக் பிரேக், இரண்டாவது கையில் வாங்கியது, செயினை ஸ்கேல் வைத்து அளந்து பேரம் பேசியது அவன்தான்.

தேர்வு முடிவு வருவதற்கு முன்பே இந்தக் கடிதத்தைப் பிரசுரிக்க முடிந்தால் நல்லது. முடிவு வந்த அன்று சாயங்காலமே எல்லோரும் கடைக்குப் போய்விடுகிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
கன்னங்குறிச்சி, சேலம்.